இறுகாத கை

தொட்டி அச்சை விட்டு வரவில்லை.

மாசி விளிம்பைச் சுற்றி மர ஆப்புகளைச் செருகிச் சுத்தியால் தட்டினான். வழக்கமாக நாலு தட்டிலேயே இடுக்கில் காற்று புகுந்து 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் நாலு பேர் பிடித்துத் தூக்கினால் தொட்டி வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். இன்றைக்கு அரை மணி நேரம் தட்டியும் அந்தச் சத்தம் வரவில்லை. கிழிகிற சத்தம்தான் வந்தது.

"நிறுத்துடா," என்றார் ஏகாம்பரம்.

நிறுத்தி என்ன செய்வது. பாதி வந்ததை உள்ளே தள்ள முடியாது. கயிறு கட்டி இழுத்து எடுத்தார்கள். ஆளுயரத் தொட்டி வெளியே வந்து உருண்டது. வெளிப்பக்க வெள்ளையில் ஐந்து இடத்தில், வெந்நீர் கொட்டின உடம்பு மாதிரி தோல் உரிந்து நார் தெரிந்தது. உரிந்த தோல் அச்சின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாசி தலையை உள்ளே விட்டு விரலால் தொட்டான். மூன்று நாளான பூச்சு விரலோடு நூல் இழுத்தது.

"ஒட்டுது, மொதலாளி."

"எனக்குக் கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? தெரியுது."

தொட்டி போனால் இன்னொன்று செய்யலாம். அச்சும் போயிருந்தது. ஒட்டின இடங்களில் அச்சின் பச்சை வழவழப்பும் சேர்ந்து அரிபட்டுவிட்டது. வேலைக்காரர்கள் ஏழு பேரும் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருத்தியான அம்சா, மாசியின் பெண்சாதி, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி நார்ச் சுருளைச் சுற்றி வைக்கப் போனாள். சுற்ற வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற ரோட்டில், கழனிக்கு நடுவே இருந்தது அந்தக் கொட்டகை. முன்பு ஏகாம்பரம் அதில் வேர்க்கடலை மூட்டை அடுக்கிவைத்திருந்தார். மெட்ராசில் இருந்த மச்சான் பேச்சைக் கேட்டு, எழுபத்தெட்டில் பைபர் தொட்டி செய்கிற தொழிலை ஆரம்பித்தார். ரெசின் நாற்றத்துக்கு ஊர்க்காரர்கள் இரண்டு நாள் நிற்கவில்லை. தலை சுற்றுகிறது, சோறு இறங்கவில்லை என்று போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் ஏரிக்கோடியில் குடிசை போட்டிருந்த இருளர்களைக் கூப்பிட்டார். அவர்களுக்கும் தலை சுற்றத்தான் செய்தது. ஆனால் போக வேறு இடம் என்றால் வாலாஜாபாத் ரைஸ் மில்தான்.

மாசிக்கு அந்த மில் தெரியும். ஆறு வருஷம் அவனும் அம்சாவும் அங்கே நெல் அவித்தார்கள். களத்திலேயே சோறு, களத்திலேயே தூக்கம். மேஸ்திரியைக் கேட்காமல் கேட்டைத் தாண்ட முடியாது. அம்சாவின் அம்மா செத்த சேதி வந்தபோது, கொதிக்கிற கொப்பரையை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்சாவின் வலதுகை ஆள்காட்டி விரல் மேல்கணு அங்கேதான் பெல்ட்டில் போயிற்று. இங்கே சாயந்திரமானால் வீட்டுக்குப் போகலாம். அது ஒன்றுக்காகவே மாசி இந்தக் கொட்டகையை விடக் கூடாது என்றிருந்தான். விடாமல் இருக்க ஒரே வழி, மருந்து கலக்கிற வேலையை அவனைத் தவிர வேறு யாரும் அவ்வளவு சரியாகச் செய்ய முடியாது என்று ஆக்குவது. நாலு வருஷத்தில் அப்படித்தான் ஆக்கியிருந்தான்.

ரெசின் என்பது தேன் மாதிரி ஒரு திரவம். ஒரு வாளி ரெசினுக்கு முதலில் ஊதா நிற மருந்து ஒரு மூடி. அதைக் கலக்கி முடித்த பிறகுதான் தண்ணீர் போலிருக்கும் இன்னொரு மருந்து இரண்டு மூடி. இரண்டு மருந்தும் நேராகச் சந்திக்கக் கூடாது. ஒரு தரம் ஒரே டப்பாவில் ஊற்றியதில் ஒரு சாக்கு மூட்டையே பற்றி எரிந்திருக்கிறது. கலந்த பிறகு அரை மணி நேரம்தான் கைக்கு அடங்கும். அதற்குள் அச்சில் பூசி, கண்ணாடி நாரை விரித்து, அதன் மேலும் பூசி, உருளையால் காற்றை விரட்டியாக வேண்டும். அப்புறம் அது முதலில் கூழாகும், சுடும், கல்லாகும். மழைக்காலத்தில் எத்தனை சொட்டு கூட்ட வேண்டும், சித்திரை வெயிலில் எத்தனை குறைக்க வேண்டும் என்பது மாசியின் புறங்கைக்குத் தெரியும். வாளியின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தே, இன்னும் எத்தனை நிமிஷம் என்று சொல்லிவிடுவான்.

அது ஏன் இறுகுகிறது என்று அவனுக்குச் சொன்னது சடையப்பன். ரெசின் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போகிறவன், கெமிஸ்ட்ரி படித்தவன், மாசியைவிடப் பத்து வயது சின்னவன். ஒரு தரம் பஸ் தவறிப்போய் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தபோது மாசி கேட்டான்.

"ஏன் சார், தண்ணி மாரி கீது. காயவும் இல்ல. எப்பிடி கல்லாவுது?"

"நீ ஏரி வேலைக்குப் போயிருக்கியா? வரிசையா நின்னு மண்ணுக் கூடை கை மாத்துவீங்களே."

"போயிக்கிறேன்."

"அதே மாதிரிதான். இந்த வாளிக்குள்ள கோடி கோடி ஆளு நிக்கறான். ஒவ்வொருத்தனும் தன் ரெண்டு கையையும் தானே கோத்து நெஞ்சு மேல வச்சிக்கினு நிக்கறான். எவன்கூடவும் ஒட்டு இல்ல. அதனாலதான் தண்ணியா ஓடுது. நீ ஊத்தறியே தண்ணி மருந்து, அது ஒடஞ்சி ஒரு வெறும் கையாவும். அந்தக் கை ஒருத்தன் கோத்த கையப் பிரிச்சி ஒண்ணப் புடிச்சிக்கும். அவனுக்கு இன்னொரு கை சும்மா தொங்கும். அது சும்மா இருக்காது. பக்கத்துல இருக்கறவன் கோத்த கையப் பிரிச்சிப் புடிக்கும். அவன் அடுத்தவன. இப்பிடியே போயிக்கினே இருக்கும்."

"ஊதா மருந்து?"

"அது மேஸ்திரி. தண்ணி மருந்த வெரட்டி ஒடைக்கும். ஆனா வரிசையில நிக்காது."

"மேஸ்திரி எங்க நின்னான்," என்றான் மாசி.

சடையப்பன் சிரித்தான். "ரெசின்ல ஒரு நாத்தம் வருதில்ல, அதுக்குப் பேரு ஸ்டைரின். அது ஒரு வரிசையையும் இன்னொரு வரிசையையும் குறுக்கால கட்டும். அல்லாம் சேந்து வலையாயிடும். ஒவ்வொரு கை சேரும்போதும் ரவ சூடு வெளிய வரும். அதான் உன் வாளி சுடுது."

"அப்பால பிரியாதா?"

"பிரியாது. பிளாஸ்டிக் கொடத்துல வரிசை மட்டும்தான், குறுக்குக் கட்டு கெடையாது. சூடு பட்டா வரிசை நழுவும், உருகும். இது உருகாது. எரிச்சா கரியாவும், அவ்ளோதான்."

மாசி அதை மறக்கவில்லை. அம்சாவிடம் சொன்னான். அவள், "நம்மள மாரி கையப் புடிச்சிக்கினு நின்னா கல்லாயிடுமா? நாம எத்தினி வருசமா நின்னுக்கினு கீறோம்," என்றாள்.

இப்போது அச்சுக்குள் தலையை விட்டு நின்றபோது அவனுக்கு வரிசை எங்கே அறுந்தது என்று தெரிந்துவிட்டது. ஐந்து இடமும் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் ஐந்து பிரிவு. ஈரப் பசைக்கு அடியில் லேசான மஞ்சள்.

அந்த வாரத் திங்கட்கிழமை ஆயுத பூஜை. அன்றைக்கு இருளர்கள் கொட்டகைக்குள் வரவில்லை. வாசலில் நின்று பொரியும் கடலையும் பூசைக் காசும் வாங்கிக்கொண்டு போனார்கள். உள்ளே ஏகாம்பரத்தின் மனைவி ஆண்டாளம்மாள் வாளிக்கு, உருளைக்கு, தராசுக்கு எல்லாம் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். பெரிய அச்சுதான் கொட்டகைக்கே சோறு போடுகிறது என்று, மஞ்சளைக் குழைத்து உள்ளங்கையில் தோய்த்து அச்சின் உள்சுவரில் ஐந்து இடத்தில் அழுத்தினாள். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் வேலையைத் தொடங்க வேண்டும். மாசி தூரிகையோடு வந்தபோது மஞ்சள் கைகளைப் பார்த்தான்.

"அம்மா, இத்தத் தொடச்சிட்டு மெழுகு போடட்டுமா?"

"தொடைக்கறதா? பூசை பண்ண கைடா அது. அது மேலயே பூசு. மறைஞ்சிடப் போவுது."

மறைந்துவிடும் என்றுதான் அவனும் நினைத்தான். இல்லை, நினைக்கவில்லை. ஏதோ இடறிற்று. மெழுகு போட்ட அச்சின் மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் விழுந்தாலே துடைக்கிறவன் அவன். ஆனால் விஜயதசமி காலையில் அந்த அம்மாவிடம் இரண்டாம் முறை சொல்ல வாய் வரவில்லை. பூசிவிட்டான்.

ஏகாம்பரம் அச்சுக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரே கண்டுபிடிக்கட்டும் என்று மாசி நின்றான்.

"யாரோ பச்சப் பூச்சுல கைய வச்சிக்கிறாங்க," என்றார் ஏகாம்பரம். "அன்னிக்கி உள்ள எறங்கி நாரு விரிச்சவ யாரு? உன் பொண்டாட்டி."

அம்சா வந்தாள். கேட்காமலே குனிந்து தன் வலது கையை ஒரு கைத்தடத்துக்கு நேராகப் பிடித்தாள். சுவரில் ஆள்காட்டி விரல் முழுசாக இருந்தது. அவளுடையது பாதியில் நின்றது.

"எடங்கையா இருக்கும்."

அவள் இடது கையை வைத்தாள். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் போய் நின்றது. யாரோ ஒருத்தன் மூக்குக்குள் சிரித்து, இருமலாக்கிக்கொண்டான்.

"கைய எடுறி," என்றார் ஏகாம்பரம். பிறகு மாசி பக்கம் திரும்பினார். "பூசைக்குக் குடுத்த காசுல குடிச்சிட்டு வந்து மருந்தக் கொறச்சி ஊத்திக்கிற. அதான்."

"மருந்து கொறஞ்சா தொட்டி முச்சூடும் ஒட்டும், மொதலாளி. அஞ்சி எடத்துல மட்டும் ஏன் ஒட்டுது?"

"எதிர்த்துப் பேசறியா?"

"இல்ல மொதலாளி. கேக்கறேன்."

"நாளைக்கி வா. யோசிச்சிச் சொல்றேன்."

யோசிச்சிச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அறுப்பு முடிந்ததும் மில் மேஸ்திரி சைக்கிளில் ஏரிக்கோடிக்கு ஆள் பிடிக்க வருவான். அம்சா முன்னால் நடந்தாள். குடிசை வாசலுக்கு வந்ததும், "நான் மில்லுக்கு வர மாட்டேன். நீ வேணா போ," என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னால் நடக்கும் என்று இரண்டு பேருமே நம்பவில்லை.

மறுநாள் காலை மற்றவர்கள் வருமுன் மாசி கொட்டகைக்குப் போனான். இரண்டு கொட்டாங்குச்சியைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினான். ஒரே பீப்பாயிலிருந்து இரண்டிலும் ஒரே அளவு ரெசின். ஊதா மருந்து ஒரே அளவு. தண்ணீர் மருந்து ஒரே அளவு. பூஜைத் தட்டு இன்னும் அலமாரியில் இருந்தது. அதில் காய்ந்துபோன மஞ்சள் உருண்டை. தொடலாமா என்று ஒரு கணம் நின்றான். அப்புறம் நகத்தால் சுரண்டி ஒரு கொட்டாங்குச்சியில் மட்டும் போட்டுக் கலக்கினான்.

குந்திக்கொண்டு பார்த்தான். வெளியே வானம் மூடியிருந்தது. முதல் கொட்டாங்குச்சி கால்மணிக்கு மேல் ஆனதும் கூழாயிற்று. பிறகு சுட்டது. புறங்கையை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஓரத்தில் 'க்ளிக்' என்று ஒரு கீறல் விழுந்தது. உள்ளே கோடிப் பேரும் கைகோத்துவிட்டார்கள் என்று நினைத்தான். மஞ்சள் கொட்டாங்குச்சி குளிர்ந்தே கிடந்தது. குச்சியை விட்டு எடுத்தால் நூல் நூலாக வந்தது.

ஏகாம்பரம் வந்தபோது மாசி இரண்டையும் மேசை மேல் வைத்தான்.

"இன்னாடா இது?"

"ஒரே மருந்து, மொதலாளி. இதுல ரவ மஞ்சா போட்டேன். அவ்ளோதான்."

ஏகாம்பரம் முதல் கொட்டாங்குச்சியைத் தட்டினார். கல். இரண்டாவதில் கட்டைவிரலை அழுத்தினார். விரல் உள்ளே இறங்கியது. இழுத்து வேட்டியில் துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார். அவர் முட்டாள் இல்லை. அவர் முகத்தில் ஒன்று புரிந்து, புரிந்ததை அவர் உள்ளே தள்ளுவதை மாசி பார்த்தான்.

"இத்த வேற யார்னா பாத்தாங்களா?"

"இல்ல."

"உன் பொண்டாட்டி?"

"அவளுக்குத் தெரியாது."

ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "வர்ற புதன்கெழம பொண்ணு பாக்க வராங்க. விஜயதசமி அன்னிக்கி எம் பொண்டாட்டி கை வச்ச வேல வெளங்காம பூட்ச்சின்னு ஊருல பேசினா எம் பொண்ண எவன்டா கட்டுவான்? பூசை பண்ண மஞ்சா கெடுத்துச்சின்னு நீ சொல்லுவ, நான் கேட்டுக்கினு குந்தணுமா?"

"மஞ்சா மேல தப்பு இல்ல, மொதலாளி. எடம்தான் தப்பு. வெளிப்பக்கம் வச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"போயி வேலையப் பாரு."

அடுத்த திங்கட்கிழமை சடையப்பன் வந்தான். ஏகாம்பரம் வருவதற்கு முன்பே மாசி அவனைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கொட்டாங்குச்சிகளைக் காட்டினான். சடையப்பன் மஞ்சளை முகர்ந்துகூடப் பார்த்தான்.

"கரெக்ட்டா புடிச்சிட்ட, மாசி. மஞ்சள்ல ஒரு சரக்கு இருக்கு. வெறும் கைய நீட்டிக்கினு வர்றவன அது புடிச்சிக்கும். ஆனா தன் கைய அடுத்தவனுக்கு நீட்டாது. வரிசை அங்கியே நின்னுடும். பீப்பாயில ரெசின் தானா இறுகிடக் கூடாதுன்னு எங்க கம்பெனியிலயே அந்த ஜாதி சரக்கு துளியூண்டு போடுவோம். இவுங்க குழச்சிப் பூசிட்டாங்க. தண்ணி வேற."

"மொதலாளி கையில சொல்லு சார். நீ சொன்னா கேப்பாரு. என் வேல நெலைக்கும்."

"சொல்றேன்."

சொல்வான் என்றுதான் மாசி கதவோரம் நின்று கேட்டான். ஏகாம்பரம் காபி வரவழைத்தார். அடுத்த மாதத்துக்கு எத்தனை பீப்பாய் வேண்டும் என்று பேசினார்கள். அப்புறம் அச்சு பற்றிய பேச்சு வந்தது.

"எங்க தப்புன்னு நெனைக்கறீங்க தம்பி?" ஏகாம்பரம் கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது.

சடையப்பன் காபியை ஒரு வாய் குடித்தான். "மழ ஈரம் சார். அப்பறம் கலக்கறதுல கொஞ்சம் ஏறக்கொறைய ஆயிருக்கலாம். ஆளுங்களுக்கு அளவு சொல்லிக் குடுத்தாலும்..." முடிக்காமல் விட்டான். போகும்போது மாசியைப் பார்க்காமல், நிற்காத பஸ்ஸைக் கைகாட்டுகிறவன் மாதிரி வேகமாக ரோட்டுக்கு நடந்தான்.

அன்றைக்கு மத்தியானம் ஏகாம்பரம் மாசியைக் கூப்பிட்டு உப்புத்தாள் கட்டு ஒன்றைக் கொடுத்தார். "அச்ச சரி பண்ணு. அந்தத் தடம் ஒண்ணுகூடத் தெரியக் கூடாது. புதுசா பூசி வழவழன்னு ஆக்கு. உன்னால முடியும்னு எனக்குத் தெரியும்."

உன்னால் முடியும் என்ற அந்தச் சொல்லை மாசி சாயந்திரம் அம்சாவிடம் கொண்டு போனான். "வேலையவிட்டு நிறுத்தறவரு அச்சக் குடுப்பாரா?" என்றான். அம்சா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் அச்சுக்குள் குந்தித் தேய்த்தான். முதலில் ஒட்டின பசையைத் தகட்டால் சுரண்டினான். பிறகு முரட்டுத் தாள், பிறகு மெல்லிய தாள். கண்ணாடித் தூள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் இறங்கிக் குத்தியது. சொறிந்தால் இன்னும் உள்ளே போகும் என்று சொறியவில்லை. ஒவ்வொரு விரலாகப் போயிற்று. கட்டைவிரல் ஆழமாக அழுந்தியிருந்தது, அது போக நேரமாயிற்று. நாலு கை போனதும், ஐந்தாவதை விட்டுவிடலாமா, யாராவது ஒருநாள் பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. பார்த்து என்ன செய்வார்கள். அதையும் தேய்த்தான். குழியான இடத்தில் மாவு கலந்த ரெசினை நிரப்பி, இறுகினதும் மறுபடி தேய்த்து, மெழுகு போட்டான். புதன்கிழமை சாயந்திரம் அச்சின் சுவர் குளத்துத் தண்ணீர் மாதிரி அவன் முகத்தைக் காட்டிற்று.

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டுப் போன அம்பாசடர் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் பட்டுக்கரை வேட்டியோடு கொட்டகைக்கு வந்தார். அச்சுக்குள் கையை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தார்.

"நல்லா பண்ணிக்கிற."

"இன்னும் ஒரு மெழுகு போட்டா நாளைக்கே பூசலாம், மொதலாளி."

"நாளையிலேர்ந்து நீ வர வேணாம். உன் பொண்டாட்டியும்."

மாசிக்கு முதலில் காதில் விழுந்தது மட்டும்தான். புரிய நேரமாயிற்று. "நான் யார் கையிலயும் சொல்ல மாட்டேன், மொதலாளி. இன்னிவரிக்கும் சொல்லல."

"நீ சொல்ல மாட்ட. அது எனக்குத் தெரியும்," என்றார் ஏகாம்பரம். கோபம் இல்லாமல்தான் சொன்னார். "உன்னப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்டா. அதான் பேஜாரு."

மருந்து மூடிகளை மாசி கழுவிக் கவிழ்த்து வைத்தான். ஊதா மூடி ஒரு பக்கம், தண்ணீர் மருந்து மூடி எட்ட ஒரு பக்கம். அடுத்து வருகிறவனுக்குத் தெரியுமோ தெரியாதோ.

தை பிறந்த பிறகு மில் மேஸ்திரி சைக்கிளில் வந்தான். குடிசையில் கட்டிக்கொள்ள அதிகம் ஒன்றும் இல்லை. மாசி கூரையில் செருகி வைத்திருந்த இரண்டு கொட்டாங்குச்சியையும் அம்சா எடுத்தாள். ஒன்று கல்லாக இருந்தது. கதவுப் படலுக்கு முட்டுக் கொடுக்க ஆகும் என்று மூட்டைக்குள் போட்டாள். மற்றதன் மேல் மூன்று மாதத் தூசும் ஒரு ஈயும் ஒட்டியிருந்தன. அரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ஒட்டிக்கினுதான்யா கீது," என்றாள்.

மேஸ்திரி வெளியே மணியடித்தான்.